படலையைத் திறந்தால் கிணறு

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரோடு சேர்த்து அதையும் முடித்துவிட்டது. மிச்சமிருக்கும் சுவர்களை அறுபது ஆண்டு உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் சுவரில் பவளக்கல் தெரியும். கல்லின் முகத்தில் தேன்கூடு மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்னக் கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த அறை. விரலை வைத்தால் சொரசொரக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும் என்று வைத்துப் பார்க்காமலே தெரியும்.

ஒரு மாலை நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது வெளியூர் வேனில் வந்த கூட்டமொன்று பாசிமணிக் கடைகளைத் தாண்டிச் சிரிப்பும் கூச்சலுமாக வந்தது. நிலையும் கதவும் இல்லாத வெறும் திறப்பாக வாசல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதைக் கடந்த மறுகணம் குரல்கள் இறங்கின. ஓர் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே கிடந்த அதே மணல்தான் உள்ளேயும் கிடந்தது. மேலே அதே வானம், அதே காற்று. ஆனாலும் அங்கே ‘உள்ளே’ என்று ஒன்று இருந்தது. அது எங்கே இருந்தது?

அந்த அம்மாவின் தலைக்குள் இருந்தது. ரசல் எப்ஸ்டீன், நான்சி கான்விஷர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் இதை மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். மனித மூளையின் அடிப்பக்கத்தில் இடங்களைக் கண்டதும் சுறுசுறுப்பாகும் ஒரு பகுதி இருக்கிறது. சாமான்கள் நிறைந்த அறையின் படத்தைக் காட்டினாலும், நாற்காலி மேசையெல்லாம் எடுத்துவிட்ட வெற்று அறையைக் காட்டினாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விழித்துக்கொள்கிறது. அறையை நீக்கிச் சாமான்களை மட்டும் காட்டினால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சுவரும் தரையும் சேர்ந்து ஓர் இடத்தை வளைத்துப் பிடிக்கின்றனவா என்பதுதான் அதற்கு முக்கியம். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதே அறையின் சுவர்களைத் துண்டு துண்டாக விலக்கி, ஒன்றோடொன்று பொருந்தாமல் வைத்துக் காட்டினார்கள். அந்த விழிப்பு குறைந்துபோனது. துண்டுகள் அத்தனையும் கண்முன் இருந்தும், அது ஓர் இடம் என்று மூளை ஒப்புக்கொள்ளத் தயங்கியது.

குண்டு விழுந்த வீடு அப்படித்தான் இருக்கும்.

தனுஷ்கோடியை இடித்தது போர் இல்லை, புயல். ஆனால் அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே சாலை முடிகிற அரிச்சல்முனைக்குப் போய்விட்டால் பேச்சு தானாகப் போருக்கு வந்துவிடும். எதிரே இலங்கையின் தலைமன்னார், சுமார் 30 கி.மீ. நடுவே மணல் திட்டுகள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கடலைத் தாண்டி அலை அலையாக ஆட்கள் வந்தார்கள். 1990இல், 1996இல், 2006இல் என்று அங்கே சண்டை மூண்ட போதெல்லாம் இங்கே படகு ஒதுங்கியது. கணக்கெடுத்தால் மூன்று லட்சத்துக்கும் மேலே. ரோந்துக்குப் பயந்த படகோட்டிகள் திட்டு ஒன்றில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதும், இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி அவர்கள் நிற்பதும் இக்கரையில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, 2022 மார்ச்சில், அங்கே அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காத நாட்களில்கூடக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தைக் கடலோரக் காவல் படை திட்டிலிருந்து மீட்டது.

வந்தவர்கள் முதலில் போய்ச் சேர்ந்த இடம் மண்டபம் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை வெள்ளைக்காரன் காலத்தில் நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பிய அதே இடம். போனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் ஒரே முகாம் என்பதை நினைத்தால் இந்தக் கடலுக்கு ஞாபக மறதி கிடையாது போல. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. பத்துக்குப் பத்து அறைக்குள் சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கும் வரிசை வீடுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளையும் பெற்றுவிட்டது. நகை, துணி, பள்ளிச் சான்றிதழ், சாமி படம் என்று எதையெதையோ படகில் கொண்டுவந்தார்கள். வீட்டைக் கொண்டுவர முடியாது.

முடியாதா என்பதுதான் கேள்வி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போர் ஓய்ந்த பிறகு ஒரு வேலை செய்தார். இலங்கையின் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் 80 பேரிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார். வரையத் தெரிந்தவர்கள் யாரும் அதில் இல்லை என்று சொல்லலாம். கோடு கோணும், அறை சாயும், கிணறு வீட்டைவிடப் பெரிதாகிவிடும். அதை ஒரு கட்டடக் கலைஞரின் சுத்தமான கோட்டில் மறுபடி வரையவைத்தார். பிறகு அந்த வீட்டைக் குறித்துத் தன் கையால் ஒரு வண்ணக்கட்டி ஓவியம். ஒரு வீட்டுக்கு மூன்று தாள். அலுவலகக் கோப்பு மாதிரி கட்டி, 2011இல் ‘ரேக்கிங் லீவ்ஸ்’ பதிப்பகத்தின் வழியாக நூலாக வந்தது. பெயர் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’, அதாவது முற்றுப்பெறாத தோம்பு. தோம்பு என்பது யாழ்ப்பாணத்தில் பழைய காணிப் பதிவேடு. போர்த்துக்கீசர் கொண்டுவந்த சொல். ஒல்லாந்தர் அதை வைத்து யார் பேரில் எவ்வளவு காணி என்று எழுதி வரி வாங்கினார்கள்.

அந்த நூலில் பிணம் இல்லை. துப்பாக்கி இல்லை. யாரைக் குற்றம் சொல்கிறது என்று கேட்டால் பக்கத்தைக் காட்ட முடியாது. அரசாங்கத்தின் குண்டுக்கு வீட்டை இழந்தவர்களும், விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம்களும் ஒரே கோப்புக்குள் இருக்கிறார்கள். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல், அதே அக்டோபர் 30 அன்று, ராணுவம் நெருங்க நெருங்க யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் கிளம்பினார்கள். நாட்காட்டிக்கு இப்படியும் ஒரு குரூரம் உண்டு.

சரி, வரைபடத்தால் போரை எதிர்க்க முடியுமா? அதற்கு முன்னால், பல வருஷத்துக்கு முன் விட்டுவந்த வீட்டைக் கோடு போட்டுக் காட்ட எப்படி முடிகிறது என்று பார்த்துவிடுவோம். அதுவே பெரிய அதிசயம்.

ஒரு சின்னச் சோதனை. நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் மொத்தம் எத்தனை ஜன்னல்? உடனே பதில் வராது. எண்ணிக்கையாக அது எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. இப்போது கவனித்திருப்பீர்கள், வாசலில் நுழைந்து, திண்ணையைத் தாண்டி, ஒவ்வோர் அறையாகப் போய் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சார்லட் லிண்டே, வில்லியம் லபாவ் என்ற இரு மொழியியலாளர்கள் 1975இல் நியூயார்க்வாசிகளிடம் அவரவர் வீட்டின் அமைப்பைச் சொல்லச் சொன்னார்கள். மேலிருந்து பார்ப்பதுபோல, இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் ஒன்று என்று விவரித்தவர்கள் நூற்றுக்கு மூன்று. மீதி 97 விழுக்காட்டினர் கேட்டவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். கதவைத் திறக்கிறீர்கள், இடப்பக்கம் திரும்பினால் சமையலறை என்று. யாழ்ப்பாணத்துக் கிழவியிடம் கேட்டாலும் இதேதான் வரும். ‘படலையைத் திறந்தால் வலப்பக்கம் கிணறு, அங்கால முற்றம், விறாந்தை, பின்னுக்குக் குசினி’ என்று போகும். (படலை வேலிக் கதவு, குசினி அடுப்படி.) வீடு நமக்குள் படமாகக் கிடக்கவில்லை. நடையாகக் கிடக்கிறது.

அந்த நடையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்புக்குப் பெயர் வைத்தவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்ஸியோ. மூளைக்குள் இரு பக்கமும் சுருண்டு கிடந்த அதைப் பார்த்ததும் அவருக்குக் கடல்குதிரை ஞாபகம் வந்தது. ஹிப்போகேம்பஸ் என்றால் கிரேக்கத்தில் அதுதான். மன்னார் வளைகுடாவில் வலை இழுப்பவர்களுக்குக் கடல்குதிரையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிடிக்கக் கூடாத உயிரினம் என்று சட்டம் வந்த பிறகும் காய்ந்த கடல்குதிரையோடு பிடிபடுகிறவர்கள் பற்றி ராமநாதபுரம் பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி வரும். ஆகவே இனி நாமும் அதைக் கடல்குதிரை என்றே சொல்லலாம்.

1971இல் லண்டனில் ஜான் ஓ’கீஃப் எலியின் கடல்குதிரைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகி, ஒவ்வொரு நரம்பணுவாக ஒட்டுக்கேட்டார். ஓர் அணு, எலி பெட்டியின் ஒரு மூலைக்கு வந்தால் மட்டும் படபடவென்று துடித்தது. நகர்ந்தால் அடங்கியது. அடுத்த இடத்துக்கு அடுத்த அணு. எலி நடக்க நடக்க, தெரு விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து அணைவதைப் போல. இவற்றுக்கு ‘இட அணுக்கள்’ என்று பெயர். பிற்பாடு, வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்கம்பி பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் கணினி விளையாட்டுக்குள் டாக்சி ஓட்டச் சொல்லிப் பார்த்தபோது, மனிதனிடமும் இவை இருப்பது தெரிந்தது.

2005இல் நார்வேயில் எட்வர்ட் மோசர், மே-பிரிட் மோசர் தம்பதி கண்டது இன்னும் விசித்திரம். கடல்குதிரைக்குப் பக்கத்துப் பகுதியில் ஓர் அணு ஓரிடத்தில் மட்டும் துடிக்காமல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைத் தரையில் புள்ளியாகக் குறித்துப் பார்த்தால் பிசிறில்லாத ஒழுங்கு. அறிவியல் நூல்கள் இதை அறுகோண வலை என்று எழுதும். நம் வீட்டுப் பெண்களிடம் காட்டினால் ‘இது ஊடுபுள்ளிதானே’ என்பார்கள். நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வரும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழ்ப்புள்ளி இறங்கும், ஒன்றையொன்று ஒட்டிய மூன்றை இணைத்தால் முக்கோணம். மார்கழி வாசலில் வைக்கிற அதே வைப்பு. எலி இருட்டில் ஓடினாலும் அந்தப் புள்ளிகள் அதனதன் இடத்தில் துடிக்கின்றன. நடக்கிற உயிர் தன் காலடித் தரையில் கண்ணுக்குத் தெரியாத கோலம் போட்டுக்கொண்டே போகிறது. இந்த மூவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சுவருக்கென்றே சில அணுக்கள் உண்டு. சுவரை ஒட்டி நடந்தால் மட்டும் அவை துடிக்கும். பெட்டியின் ஒரு சுவரைத் தள்ளிவைத்தால் இட அணுவின் எல்லையும் கூடவே இழுபட்டு நீளும். ஓ’கீஃபும் நீல் பர்ஜெஸ்ஸும் 1996இல் காட்டியது இது. சுவர் என்பது மூளைக்கு வெளியே நிற்கும் பொருள் மட்டும் என்று இதற்கப்புறம் சொல்வது கஷ்டம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடத் தூக்கத்தைக் கெடுத்தது 2013இல் மோசர் குழுவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. எலி ஓடும் களத்தில் ஒரு பொருளை வைத்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். பொருள் இருந்த காலத்தில் சும்மா கிடந்த சில அணுக்கள், எடுத்த பிறகு துடிக்கத் தொடங்கின. எலி அந்தக் காலி இடத்துக்கு வரும்போதெல்லாம், நாட்கணக்கில். அதாவது, ‘இங்கே இது இருக்கிறது’ என்று சொல்லும் அணுக்களைப் போலவே ‘இங்கே இது இருந்தது’ என்று சொல்லவும் அணு இருக்கிறது. இல்லாமை என்பது மூளைக்கு வெறுமை இல்லை. அதற்கென்று செலவழிக்கப்படும் மின்சாரம்.

எலியையும் ஏதிலியையும் ஒரே மூச்சில் பேசுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. களத்தில் கிடந்த ஒரு துண்டுப் பொருளும், மூன்று தலைமுறை தண்ணீர் இறைத்த கிணறும் ஒன்றாகிவிடாது. ஆனால் இயந்திரம் ஒன்றுதான். 80 பேர் கையில் பென்சிலைக் கொடுத்தபோது அந்த இயந்திரம்தான் ஓடியிருக்க வேண்டும்.

வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகப் பெயரிட்டவர்களே மருத்துவர்கள்தான். 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைவிட்டுப் போனவர்கள் இளைத்துச் சோர்ந்து காய்ச்சலில் விழுவதைக் கண்டு ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உண்டாக்கினார். கூலிக்குப் போரிட வேற்று நாடு போன சுவிஸ் சிப்பாய்களின் வியாதியாகத்தான் அது வெகுகாலம் பேசப்பட்டது. படைத்தலைவர்களுக்கு அது தலைவலி. வீட்டை நினைத்தவன் துப்பாக்கி தூக்க மாட்டான்.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். கலைஞன் போரை எதிர்க்கிறான் என்றால், எப்படி எதிர்க்கிறான்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘லட்சம் பேர் செத்தார்கள் என்றால் மனசு மரத்துப்போகும்; ஒரு முகத்தைக் காட்டினால் இளகும்’ என்பது. இதற்கு ஆதாரமாக 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையைச் சொல்வார்கள். கையில் ஐந்து டாலர் கொடுத்து, பசித்த குழந்தைகளுக்கு அதிலிருந்து எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கப் பட்டினியின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14. வேடிக்கை என்னவென்றால், சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43தான் கொடுத்தார்கள். எண்ணிக்கை வந்து முகத்தை அழித்துவிட்டது.

அழகான முடிவு, மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் இதே மாதிரியான பல ஆய்வுகளை 2016இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது மொத்த விளைவு மிகச் சிறிதாகத்தான் தெரிந்தது. 2023இல் அதே சோதனையை நிறையப் பேரை வைத்து மறுபடி செய்தவர்களுக்கு அந்த வித்தியாசமே கிடைக்கவில்லை. எனவே இதன்மேல் வீடு கட்ட நான் தயாரில்லை. ஒரு முகத்தைக் காட்டி இரக்கம் வாங்குவதுதான் கலையின் வேலை என்றால் அந்த வேலையைத் தொலைக்காட்சி இன்னும் நன்றாகச் செய்கிறது, விளம்பர இடைவேளை வரைக்கும்.

இன்னொரு பாதை இருக்கிறது. 2007இலேயே லண்டனில், கடல்குதிரைப் பகுதி சேதமடைந்து புதிய நினைவுகளைச் சேமிக்க முடியாமல் போன ஐந்து நோயாளிகளிடம் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வயர் குழுவினர் ஒரு வினோதமான வேண்டுகோள் வைத்தார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டாம், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அழகான வளைகுடாக் கடற்கரையில் வெண்மணலில் படுத்திருக்கிறீர்கள், என்ன தெரிகிறது? பெரும்பாலானோரால் முடியவில்லை. வானம், மணல், ஏதோ ஒரு சத்தம் என்று துண்டுகள் வந்தன. அவை ஒன்றுகூடி ஓர் இடமாகவில்லை. எப்ஸ்டீன் காட்டிய பிளந்த அறையைப் போல. (இந்த ஹசாபிஸ்தான் பிற்பாடு செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய் 2024இல் வேதியியல் நோபல் வாங்கியவர்.) இதிலிருந்து தெரிவது: நம் வீட்டை நினைக்கும் உறுப்பும், நாம் போகாத வீட்டைக் கற்பனை செய்யும் உறுப்பும் ஒன்றேதான்.

சனாதனனின் நூலை மறுபடி பாருங்கள். கோணலான சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம், மூலையில் ஒரு வட்டம். அதில் உருகுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கண் பட்டதும் வாசல் எங்கே என்று தேடுகிறோம். கண்டுபிடித்து நுழைகிறோம். இது சாமி அறையா, இங்கிருந்து கிணற்றடிக்கு வழி உண்டா என்று திரும்புகிறோம். நமக்குள் இருக்கும் கடல்குதிரை முன்பின் தெரியாத ஒருவரின் இடிந்த வீட்டுக்குள் ஊடுபுள்ளி வைத்துக்கொண்டு போகிறது. அந்த வீடு இனி நம் தலைக்குள்ளும் ஓர் இடம். குண்டு போடுகிறவன் கையிலும் வரைபடம்தான், அதில் வீடு ஒரு புள்ளி. நமக்கோ நடந்து பார்த்த இடமாகிவிட்டது. இது என் ஊகம்தான், சனாதனனின் வாசகர்களை யாரும் ஸ்கேனில் படுக்கவைக்கவில்லை.

கலைஞர்கள் எல்லோரும் போருக்கு எதிரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி தீட்டவைத்த சுவரோவியங்களில் தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டையும் உண்டு. அணி அணியாகப் படை, ஒரே மாதிரித் தலைப்பாகை, ஒரே மாதிரிக் கால். பூவேலைப்பாடு போல அவ்வளவு லட்சணமாக இருக்கிறது போர். தீட்டியவன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. கூலி கொடுத்தவர் சுவர் அது. வீரனை வடிவமாக்கிவிட்டால் அவனுக்கு வீடு இருப்பது மறந்துபோகும். சங்கத்துப் புறப்பாட்டிலும் நிறைய இந்த வகைதான். பரிசில் வாங்கிக்கொண்டு தோள்வலி பாடியவை.

அதனால்தான் கோவூர் கிழார் தனித்துத் தெரிகிறார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, அதே குலத்து நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தான். உள்ளே இருப்பவனைப் பார்த்துக் கிழார் பாடியது புறநானூற்றில் 44ஆம் பாட்டு. அதில் அவர் எத்தனை பேர் சாவார்கள் என்று எண்ணவில்லை. பாலில்லாமல் கத்தும் பிள்ளை, பூவில்லாத கூந்தலை வெறுமனே முடிந்துகொள்ளும் பெண்கள், தண்ணீரில்லாத நல்ல வீடுகளிலிருந்து வரும் அழுகைச் சத்தம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாயே என்று மன்னனைக் கையைப் பிடித்துத் தெருத்தெருவாக, வீடு வீடாக நடத்திக் காட்டுகிறார். நியூயார்க்வாசிகள் செய்த அதே காரியம். கோட்டைக்குள் இருந்தவனுக்குக் கோட்டை தெரிந்தது, வீடு தெரியவில்லை.

பாரி மகளிர் பாட்டும் வீட்டைப் பற்றியதுதான். மூவேந்தரும் பறம்பு மலையைச் சூழ்ந்து பாரியைக் கொன்ற பிறகு அந்த இரண்டு பெண்கள், போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் அருகருகே வைத்தார்கள். பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை, மாவட்டம் பிரிவதற்கு முன் பழைய ராமநாதபுரம் சீமையில்தான் இருந்தது, இப்போது சிவகங்கை. இலக்கிய ஆசிரியர்கள் அந்தப் பாட்டைச் சோகப் பாட்டு என்று பிரித்து நடத்துகிறார்கள். எனக்கு அது அந்த 2013 எலி ஆய்வின் பக்கத்தில் வைக்க வேண்டியதாகத் தோன்றுகிறது. நிலா மாறவில்லை. அதன் கீழே இருந்தது எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் காலி இடம்தான் பாட்டில் துடிக்கிறது.

பிக்காசோவின் ‘குவெர்னிகா’வையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் பாஸ்க் ஊர் ஒன்றின்மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. அந்த ஆண்டே அவர் வரைந்த அந்தப் படத்தில் விமானமும் கிடையாது, குண்டும் கிடையாது. மேலே ஒரு மின்விளக்கு, ஒரு மேசை, ஒருக்களித்த கதவு, கீழே தரைக்கட்டம். கூடவே கூரை ஓடும் ஜன்னலும் வெளிப்பக்கத்திலிருந்து தெரிகின்றன. நாம் வீட்டுக்குள் இருக்கிறோமா, தெருவில் நிற்கிறோமா என்று கடைசி வரை முடிவுசெய்ய முடியாது. சுவர்கள் பொருந்தாத அறை. எப்ஸ்டீன் ஸ்கேனில் செய்துபார்த்ததை அறுபது ஆண்டுக்கு முன்பே ஒருவர் ஏழே முக்கால் மீட்டர் அகலத்துக்கு வரைந்துவைத்திருக்கிறார். 2003 பிப்ரவரியில் ஐ.நா. சபையில் இராக் போருக்கு அமெரிக்கா நியாயம் சொன்ன நாளில், அங்கே தொங்கிய அந்த ஓவியத்தின் நெசவுப் பிரதியைத் துணி போட்டு மூடினார்கள்.

துணி போட்டு மூடினால் கலைஞனுக்கு லாபம் என்றுகூடச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் விலை வேறு. 1981இல் நூலகம் எரிக்கப்பட்டுச் சுமார் 97,000 நூல்கள் போயின, எம்.ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ எழுதினார். பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த கவிஞர் செல்வியை 1991இல் புலிகள் பிடித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு சர்வதேச பென் அமைப்பு அவருக்கு விருது அறிவித்தபோது வாங்க அவர் இல்லை. திரும்பி வரவே இல்லை. இரண்டு பக்கமும் துப்பாக்கி நிற்கும் ஊரில் உரத்துப் பேசியவர்களின் கதி இது. கிணறு, முற்றம், குசினி என்று கோடு போடுகிற ஒரு கோப்பு, தன் சாதுவான தோற்றத்தாலேயே இத்தனை தூரம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முகாமில் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கேயே ரேஷன் அட்டை, இங்கேயே பள்ளிக்கூடம், ராமநாதபுரம் பேச்சு. யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ முல்லைத்தீவையோ கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவோ பாட்டியோ ராத்திரியில் சொல்லிச் சொல்லி, படலை எந்தப் பக்கம் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கும் அந்தத் தலைக்குள் இட அணுக்கள் ஒதுக்கப்பட்டிருக்குமா என்று கேட்டால், ஹசாபிஸின் ஆய்வை வைத்துப் பார்க்கும்போது, கற்பனைக்கு இடம் தரும் அதே உறுப்பில்தான் அதுவும் குடியிருக்க வேண்டும். முன்பின் போகாத வீட்டுக்குள் இருட்டில் இடறாமல் நடக்கிற பிள்ளை.

தேவாலயத்துக்குத் திரும்புகிறேன். அன்று வெயில் தாழ்ந்து, கடைக்காரர்கள் சங்குகளைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு குடும்பம் வந்தது. அவர்கள் வந்த பக்கத்தில் சுவர் பாதிக்கு மேல் விழுந்து, மாடு நுழைகிற அளவுக்கு வழி கிடந்தது. முன்னால் ஓடிவந்த பையன் அதன் எதிரே ஒரு நொடி நின்றான். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து, வாசல் வழியாக உள்ளே போனான்.